சமூகவியல் படிச்சா சோறு கிடைக்குமா?

2022 ஜூலையில சிபிஎஸ்இ பத்தாவது ரிசல்ட் வந்துச்சு. பொண்ணு நல்ல மார்க். கணக்குல 90-க்கு மேல. நான் ஆபீஸ்ல ஸ்வீட் கொடுத்துட்டு, சாயங்காலம் வீட்டுக்கு வந்து, "என்னம்மா, சயின்ஸ்ல கம்ப்யூட்டரா பயாலஜியா?"ன்னு கேட்டேன். அவ அசராம, "ஹியூமானிட்டீஸ்ப்பா. ஹிஸ்டரி, எகனாமிக்ஸ், பொலிட்டிக்கல் சயின்ஸ், சோஷியாலஜி"ன்னா.

வீடு அமைதியாயிடுச்சு. என் அம்மா மட்டும் டிவி சத்தத்தைக் குறைச்சுட்டு, "என்னடா சொல்றா?"ன்னாங்க.

அடுத்த ஒரு வாரம் போன் மேல போன். திருச்சி மாமா, "சோஷியல் வொர்க்கா? அதுக்கு எதுக்கு படிக்கணும்?"னு கேட்டார். பெங்களூர் தம்பி, "அண்ணா, கணக்குல இவ்ளோ மார்க் வாங்கின பொண்ணை..."ன்னு ஆரம்பிச்சு முடிக்காமலே விட்டான். சகலைதான் நேரடியாக் கேட்டார்: "சமூகவியல் படிச்சா சோறு கிடைக்குமா மாப்ளே?"

அப்போ எனக்கும் பதில் தெரியலை. பொண்ணு ப்ளஸ் டூ முடிச்சு, காலேஜ் போயாச்சு. இப்போ என்கிட்ட ஒரு பதில் இருக்கு. அதுக்குத்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், பொறுத்துக்குங்க :-)

முதல்ல ஒரு குழப்பத்தைத் தீர்த்துடலாம். சமூக அறிவியல் வேற, சமூகவியல் வேற. பத்தாவது வரைக்கும் எல்லாரும் படிக்கிறது சமூக அறிவியல். அதுல வரலாறு, புவியியல், குடிமையியல், கொஞ்சம் பொருளியல் எல்லாம் கலந்து இருக்கும். சமூகவியல்ங்கிறது குடும்பம், கல்யாணம், ஜாதி, வர்க்கம், மதம், வேலை, கிராமம், நகரம் இதெல்லாம் எப்படி இயங்குதுன்னு பார்க்கிற தனிப் பாடம். சிபிஎஸ்இ-ல பதினொண்ணு, பன்னிரண்டுல விருப்பப் பாடமா எடுக்கலாம். எழுத்துத் தேர்வுக்கு 80, ப்ராஜெக்ட்டுக்கு 20. கேரளாவுல மாநிலப் பாடத்திட்டத்துலயே மேல்நிலையில இருக்கு.

தமிழ்நாட்டுல? மாநிலப் பாடத்திட்டத்துல மேல்நிலைப் பாடங்களோட பட்டியலைப் பாருங்க. செவிலியம் இருக்கு, வேளாண் அறிவியல் இருக்கு, மனையியல் இருக்கு, அரசியல் அறிவியல் இருக்கு, அறவியலும் இந்தியப் பண்பாடும்னு ஒண்ணு கூட இருக்கு. சமூகவியல் இல்லை. மேடைக்கு மேடை சமூக நீதின்னு பேசுற நம்ம ஊர்ல, அந்தச் 'சமூகம்' எப்படி வேலை செய்யுதுன்னு சொல்ற பாடம் பள்ளிக்கூடத்துல இல்லை. வேடிக்கையா இல்லை?

நிற்க. பொண்ணோட கதைக்கு வருவோம்.

அவளுக்குக் கிடைச்சது நாலு புத்தகம், பதினொண்ணுல ரெண்டு, பன்னிரண்டுல ரெண்டு. எல்லாம் என்சிஇஆர்டி. 2005-ல வந்த தேசியக் கலைத்திட்டத்தை ஒட்டி 2006, 2007-ல எழுதப்பட்டவை. யோகேந்திர சிங், மைத்ரேயி சௌத்ரி, சதீஷ் தேஷ்பாண்டே மாதிரியான பேராசிரியர்கள் சேர்ந்து செஞ்ச வேலை. 2022-ல பாடச்சுமையைக் குறைக்கிறோம்னு சில பகுதிகளைக் கழிச்சாங்க. 2002 குஜராத் கலவரம் பத்தி இருந்ததும் அதுல போச்சு. அது தனிப் பதிவுக்கான விஷயம். கழிச்சது போக மிச்சம் இருந்ததே எங்க வீட்டைப் புரட்டிப் போடப் போதுமானதா இருந்துச்சு.

முதல்ல விழுந்தவன் நான்.

பதினொண்ணாவது புத்தகத்தோட ஆரம்பத்துலயே சி. ரைட் மில்ஸ்னு ஒரு அமெரிக்கர் வர்றார். அவர் 1959-ல எழுதின புத்தகத்துலேர்ந்து ஒரு கருத்து. ஒரு லட்சம் பேர் இருக்கிற ஊர்ல ஒருத்தனுக்கு மட்டும் வேலை இல்லைன்னா, அது அவனோட சொந்தப் பிரச்சினை. அவனோட திறமை, குணம் இதையெல்லாம் பார்க்கலாம். ஆனா ஒரு நாட்டுல வேலை பார்க்கிறவங்க 5 கோடி பேர்ல 1.5 கோடி பேருக்கு வேலை இல்லைன்னா, அதுக்கு ஒவ்வொருத்தன் குணத்தையும் தோண்டிட்டு இருக்க முடியாது. அது சமூகத்தோட பிரச்சினை.

பொண்ணு இதைச் சத்தம் போட்டுப் படிச்சுட்டு இருந்தா. நான் பேப்பர் பார்க்கிற மாதிரி உட்கார்ந்திருந்தேன்.

2009 பிப்ரவரியில எனக்கு வேலை போச்சு. 2008 செப்டம்பர்ல லேமன் பிரதர்ஸ் சாய்ஞ்ச பிறகு உலகம் பூரா ஆட்டம் கண்டதுல எங்க கம்பெனியும் ஒண்ணு. எங்க தளத்துல மட்டும் ஒரே நாள்ல முப்பது பேர் சொச்சம். அவளுக்கு அப்போ மூணு வயசு. ஊர்ல இருந்த அப்பாவுக்கு நான் சொல்லலை. நாலு மாசம் தினமும் காலையில சட்டை இஸ்திரி போட்டு மாட்டிக்கிட்டு, ஒன்பது மணிக்கு வீட்டை விட்டுக் கிளம்பி, லைப்ரரியிலும் மெட்ரோ ஸ்டேஷன் பெஞ்சுலயும் உட்கார்ந்துட்டு வருவேன். அக்கம்பக்கத்துல தெரியக்கூடாதுன்னு. அப்புறம் வேற வேலை கிடைச்சது. ஆனா அந்த நாலு மாசமும், அதுக்கப்புறம் பல வருஷமும், 'நாம ஒழுங்கா வேலை கத்துக்கலை, அதான் தூக்கிட்டாங்க'ன்னுதான் நினைச்சுட்டு இருந்தேன். கூட இருந்த முப்பது பேருக்கும் ஒரே நாள்ல வேலை தெரியாமப் போயிடுமான்னு ஒரு தடவைகூடத் தோணலை.

பதினாறு வயசுப் பொண்ணு தேர்வுக்கு மனப்பாடம் பண்ணின நாலு வரியில அது தோணுச்சு. அன்னிக்கு ராத்திரி மனைவிகிட்ட சொன்னேன். "இதுக்கா இத்தனை வருஷம்?"னாங்க. சிரிச்சுட்டோம். அப்பா 2014-லயே போயிட்டார். அவர்கிட்ட மட்டும் சொல்ல முடியலை.

சரி, எனக்குப் பாடம் பிடிச்சுப்போச்சு. சகலைகிட்ட பெருமையாப் பேச ஆரம்பிச்சேன். அந்தப் பெருமை ப்ளஸ் டூ ப்ராஜெக்ட் வரைக்கும்தான்.

பன்னிரண்டாவது புத்தகத்துல கடைசி அத்தியாயம் ப்ராஜெக்ட்டுக்கான யோசனைகள். பொதுப் போக்குவரத்து, பொது இடங்கள், ஒரு பொருளோட 'வாழ்க்கை வரலாறு', இப்படி. அதுல ஒண்ணு, வீட்டு உபயோகச் சாதனங்களும் வீட்டு வேலையும். பொண்ணு அதை எடுத்துக்கிட்டா. மிக்ஸி, கிரைண்டர், வாஷிங் மெஷின் எல்லாம் வந்து பொம்பளைங்க வேலை குறைஞ்சதா? மூணு பேர்கிட்ட பேட்டி. பாட்டி, அம்மா, அப்புறம் எங்க வீட்டுக்கு வேலைக்கு வர்ற அக்கா. அந்த அக்கா விழுப்புரம் பக்கம். டெல்லி வந்து இருபது வருஷம். எங்க வீட்டுல தமிழ் பேசலாம்னே சந்தோஷமா வருவாங்க.

பாட்டி பேட்டி சுவாரஸ்யமா இருந்துச்சு. அம்மியும் ஆட்டுக்கல்லும் இருந்த காலத்துல வாரத்துக்கு ஒரு நாள்தான் இட்லி தோசை. கிரைண்டர் வந்ததும் வாரம் முழுக்க மாவு. "அப்போ கை வலிச்சுது. இப்போ வலிக்கலை. ஆனா அடுப்படியை விட்டு எப்போ வெளியில வந்தேன்?"னு கேட்டாங்க. வாஷிங் மெஷின் கதையும் அதேதான். முன்னாடி ரெண்டு நாள் போட்ட சட்டையை இப்போ ஒரே நாள்ல துவைக்கப் போடுறோம். (அமெரிக்காவுலயும் இதே கதைதான்னு ரூத் ஷ்வார்ட்ஸ் கோவன்னு ஒரு வரலாற்றாசிரியர் 1983-லயே ஒரு புத்தகம் எழுதியிருக்காங்க. அதை அப்புறம் தேடிப் படிச்சேன்.)

விழுப்புரத்து அக்கா, "எங்க ஊட்லயும் மிக்ஸி, கிரைண்டர், ஃபேன் எல்லாம் இருக்குது பாப்பா. கவர்மெண்ட்ல குடுத்தது. ஊர்ல எங்க அம்மா வச்சிருக்குது"ன்னாங்க. 2011-ல ஆரம்பிச்ச விலையில்லா மிக்ஸி, கிரைண்டர், மின்விசிறித் திட்டம். "இங்க அஞ்சு ஊட்ல வேலை செய்யறேன். அஞ்சு ஊட்லயும் மெஷின் இருக்குது. மெஷின் இருக்குதேன்னு யாரும் வேலையைக் குறைக்கல. சம்பளத்தைத்தான் குறைச்சுப் பேசறாங்க."

இதுவரைக்கும் படிச்சப்போ எனக்கு ஒரே பூரிப்பு. எழுத்துப்பிழை பார்த்துக் கொடுக்கறேன்னு வாங்கி வச்சிருந்தேன். ஒன்பதாம் பக்கத்துல ஒரு அட்டவணை. வீட்டுல இருக்கிற பொருள், யார் வாங்கினது, யார் உபயோகிக்கிறது, எங்க வச்சிருக்கு. மிக்ஸி, குக்கர், ஃப்ரிட்ஜ்னு வரிசையாப் போயி, கடைசி வரி:

'எவர்சில்வர் தம்ளர் - 1. வேலைக்கு வருபவர் மட்டும். பால்கனியில், வாஷிங் மெஷின் பக்கத்தில்.'

அவ்வளவுதான். ஆச்சரியக்குறி இல்லை, விளக்கம் இல்லை, ஆத்திரம் இல்லை. ஃப்ரிட்ஜுக்கு எப்படி எழுதியிருந்தாளோ அதே மாதிரி.

அந்தத் தம்ளர் அங்க இருக்கிறது எனக்குத் தெரியுமா? தெரியும். தினமும் பல் தேய்ச்சுட்டுத் துண்டு காயப்போடும்போது பார்க்கிற தம்ளர்தான். கவனிச்சிருக்கேனா? இல்லை. டீக்கடையில ரெட்டைக் குவளைன்னு செய்தி படிச்சா கொதிச்சுப் போயி நாலு பேர்கிட்ட பேசுற ஆளு நான். இதே வலைப்பதிவுல எழுதியும் இருக்கேன். என் வீட்டு பால்கனியில இருந்தது என் கண்ணுக்கே படலை.

அதுக்கப்புறம் நான் செஞ்சதைச் சொல்ல வெட்கமாத்தான் இருக்கு. பொண்ணைக் கூப்பிட்டு, "இந்த ஒரு வரியை மட்டும் எடுத்துடும்மா. ஸ்கூல்ல டீச்சர் எல்லாம் படிப்பாங்க. தப்பா நினைச்சுப்பாங்க"ன்னேன்.

"இது தப்புன்னா சொல்லுப்பா, திருத்தறேன். உண்மைன்னா எப்படி எடுக்கறது?"

பதில் இல்லை. அம்மாவுக்கு விஷயம் போச்சு. அவங்களுக்குக் கோபம். "சுத்தத்துக்காக வச்சதுடா. அவ நாலு வீடு போயிட்டு வர்றா"ன்னாங்க. பொண்ணு, "அப்பாவும் நாலு கஸ்டமர் ஆபீஸ் போயிட்டுத்தானே பாட்டி வர்றாரு? அவருக்கு ஏன் தனித் தம்ளர் இல்லை?"ன்னா. மனைவி ரெண்டு பக்கமும் பேசாம, எழுந்து போயி அந்தத் தம்ளரை எடுத்துட்டு வந்து சமையலறைத் தட்டுல வச்சாங்க. மூணு நாள் வீட்டுல யாரும் யார்கூடவும் சரியாப் பேசலை.

இன்னொண்ணையும் சொல்லணும். மறுநாள் அந்த அக்கா வந்து, டீ குடிச்சு, அதே தம்ளரைக் கழுவி, வழக்கம்போல பால்கனியிலயே கொண்டுபோய் வச்சுட்டாங்க. மனைவி வேண்டாம்னு சொன்னப்போ, "இருக்கட்டும்மா, எனக்கு இதான் பழக்கம்"னாங்க. சினிமாவுல வர்ற மாதிரி ஒரே நாள்ல எல்லாம் மாறிடலை. இடத்தை மாத்த எங்களுக்கு ஒரு நிமிஷம் ஆச்சு. அவங்களுக்கு இருபது வருஷப் பழக்கம். அது போக அஞ்சு வீட்டுல எங்க வீடு ஒண்ணு மட்டும் மாறினா, மிச்ச நாலு வீட்டுல எப்படி இருக்கணும்னு அவங்களுக்குத்தானே கவலை?

அந்தப் புத்தகத்துல ஜாதி பத்தின அத்தியாயத்துல ஒரு விஷயம் சொல்றாங்க. இன்னிக்கு நகரத்துல இருக்கிற மேல்ஜாதி, நடுத்தர, வசதியான ஆளுங்களுக்கு ஜாதிங்கிறது கண்ணுக்கே தெரியாமப் போயிடுச்சு. காரணம், ஜாதியால கிடைக்க வேண்டிய படிப்பு, வேலை, சொத்து எல்லாம் அவங்களுக்கு முன்னாடியே கிடைச்சாச்சு. இனிமே அது தேவையில்லாத மாதிரித் தெரியுது. கீழே இருக்கிறவங்களுக்கு நேர் எதிர். அவங்களை எல்லாரும் ஜாதியை வச்சு மட்டுமே பார்க்கிறாங்க. நான் எத்தனை தடவை, 'எங்க வீட்டுல நாங்க ஜாதி பார்க்கிறதே இல்லை, பேசறதே இல்லை'ன்னு பெருமையாச் சொல்லியிருக்கேன்! என் ஜாதி என்னன்னு இந்தப் பதிவுலயும் நான் சொல்லலை. சொல்லாமலே ஓட்ட முடியுது பாருங்க, அதைத்தான் அந்த அத்தியாயம் சொல்லுது.

ப்ராஜெக்ட்டுக்காகப் பாட்டியோட ஊரை வரையச் சொன்னா பொண்ணு. தஞ்சாவூர் பக்கம். அம்மா ரொம்ப ஆசையா வரைஞ்சாங்க. கோயில், குளம், தேர்முட்டி, மேலத்தெரு, கீழத்தெரு, ஆறு. எல்லாம் முடிச்சப்புறம் பொண்ணு, "வயல்ல வேலை செஞ்சவங்க எல்லாம் எங்க பாட்டி இருந்தாங்க?"ன்னு கேட்டா. "அவங்க ஊருக்கு வெளியிலடி"ன்னாங்க அம்மா. சொல்லிட்டு அவங்களே கொஞ்ச நேரம் பேப்பரைப் பார்த்துட்டு இருந்தாங்க. ஊர்னு சொன்னாலே சேரி அதுல சேர்த்தி இல்லை. நம்ம மொழியிலயே அப்படித்தான் இருக்கு. ஆந்த்ரே பெத்தேய்னு ஒரு சமூகவியலாளர் 1960-கள்ல தஞ்சாவூர் கிராமம் ஒண்ணுல தங்கி ஆராய்ச்சி பண்ணி, 1965-ல புத்தகமாப் போட்டார். ஊர் பேரை மறைச்சு ஸ்ரீபுரம்னு வச்சிருப்பார். அக்ரஹாரம், மத்த ஜாதித் தெருக்கள், சேரின்னு மூணா பிரிஞ்ச ஊர். என் அம்மா பொறந்து வளர்ந்ததும் அப்படி ஒரு ஊர்தான். அதைப் படிக்க ஒரு புத்தகம், அதைக் கேட்க ஒரு பேத்தி வேண்டியிருந்துச்சு.

இதையெல்லாம் என் காலேஜ் ஹாஸ்டல் நண்பன்கிட்ட போன்ல சொன்னேன். கடலூர் பக்கம் அவனுக்கு. எனக்கு ஒரு 'சபாஷ்' கிடைக்கும்னு எதிர்பார்த்தேன். அவன் கேட்டுட்டுச் சொன்னான்:

"நான் ப்ளஸ் டூ படிக்கும்போது மாசாமாசம் ஒரு சார் வந்து, 'ஸ்காலர்ஷிப் பசங்க எல்லாம் எந்திரிங்கடா'ம்பாரு. எந்திரிப்போம். மத்தவன் எல்லாம் திரும்பிப் பார்ப்பான். அன்னிக்கே எனக்கு சமூகவியல் முடிஞ்சுபோச்சுடா. என் பொண்ணுக்கு இதைப் புத்தகம் சொல்லித் தர வேண்டியதில்லை. உன் பொண்ணுக்குத்தான் வேணும்."

கொஞ்சம் சுருக்குன்னு இருந்துச்சு. ஆனா இந்தப் பதிவுல நான் சொல்ல வர்ற கருத்தே இதுதான், அதைச் சொன்னது அவன். சமூகவியல் யாருக்கு ரொம்பத் தேவைன்னா, அது தேவையில்லைன்னு நினைக்கிற வீட்டுப் பிள்ளைகளுக்கு. சயின்ஸ் க்ரூப் எடுத்து, கோச்சிங் போயி, இன்ஜினியராவும் டாக்டராவும் மேனேஜராவும் ஆகப்போற பிள்ளைகளுக்கு. அவங்க சமூகத்தைப் பத்திப் படிக்கிறது பதினஞ்சு வயசுல, பத்தாவதோட முடிஞ்சுபோகுது. அதுக்கப்புறம் அவங்கதான் நாலு பேரை வேலைக்கு எடுக்கப்போறாங்க, நோயாளியைத் தொட்டுப் பார்க்கப்போறாங்க, வீடு வாடகைக்கு விடப்போறாங்க.

ஏன் பதினாறு, பதினேழு வயசு? அப்போதான் கேள்வி கேட்கிற தைரியம் வருது, இன்னும் நம்ம மாதிரிக் கணக்குப் பார்க்க ஆரம்பிக்கலை. அதே வயசுலதான் வேற மாதிரி ஆட்களும் அவங்களைப் பிடிக்கிறாங்க. பொண்ணு ப்ளஸ் டூ படிச்சுட்டு இருந்த 2023 ஆகஸ்ட்லதான் நாங்குநேரி சம்பவம். ப்ளஸ் டூ படிக்கிற ஒரு தலித் மாணவனை வீடு புகுந்து அரிவாளால வெட்டினாங்க. தடுக்க வந்த தங்கச்சிக்கும் வெட்டு. வெட்டினதாப் பிடிபட்டதும் பள்ளிக்கூடப் பசங்க. அந்தச் செய்தியைப் பொண்ணுதான் எனக்குப் படிச்சுக் காட்டினா. "என் வயசுப்பா"ன்னா.

அதுக்கப்புறம் தமிழக அரசு நீதிபதி சந்துரு தலைமையில ஒரு நபர் குழு போட்டுச்சு. 2024 ஜூன்ல அறிக்கை வந்துச்சு. கையில கலர் கயிறு கட்டக்கூடாது, பள்ளிப் பேர்ல ஜாதிப் பேர் இருக்கக்கூடாதுன்னு பல பரிந்துரைகள். எல்லாம் வேணும். நான் மறுக்கலை. ஆனா கயிறை அவுத்துட்டா, கட்டினது ஏன்னு அந்தப் பையன் யோசிப்பானா? இந்தக் கலரை எனக்கு யார் கொடுத்தா, இதைக் கட்டிக்கிட்டா எனக்கு என்ன கிடைக்குது, என் அப்பனுக்கு நிலம் இல்லாததுக்கும் பக்கத்துத் தெருப் பையனுக்கும் என்ன சம்பந்தம்? இதைக் கேட்க அவனுக்கு எந்த வகுப்பு இருக்கு? அறவுரை வகுப்புல 'எல்லாரும் சமம்'னு எழுதிப் போட்டா, பையன் பரீட்சையில அதையே எழுதி முழு மார்க் வாங்கிடுவான். சாயங்காலம் கயிறு கட்டிக்குவான்.

உடனே, 'அப்போ சமூகவியலைக் கட்டாயமாக்கிடலாம்'னு நீங்க கிளம்பறதுக்கு முன்னாடி, இதுல இருக்கிற ஓட்டையையும் சொல்லிடறேன். கண்ணால பார்த்தது.

ஒண்ணு, மார்க். இந்தப் பாடத்தை எடுக்கிற பிள்ளைகள்ல பாதிப் பேர் 'ஸ்கோரிங் சப்ஜெக்ட்'னுதான் எடுக்கிறாங்க. சமஸ்கிருதமயமாதல் என்றால் என்ன? ஆறு மதிப்பெண். எம்.என். சீனிவாஸ் பேரை எழுதினா ஒண்ணு, உதாரணத்துக்கு ரெண்டு. பொண்ணோட வகுப்புல பல ப்ராஜெக்ட்டுகள் ஸ்டேஷனரி கடையில ரெடிமேடா வாங்கினவை. வாய்மொழித் தேர்வுக்கு வந்த எக்ஸாமினர் இவ ப்ராஜெக்ட்டைப் பிரிச்சுக்கூடப் பார்க்கலை. ரெண்டு டெஃபனிஷன் கேட்டுட்டு அனுப்பிட்டார். எங்க வீட்டுல மூணு நாள் சண்டை நடந்த அந்த ஒன்பதாம் பக்கத்தை யாரும் படிக்கலை! 'தப்பா நினைச்சுப்பாங்க'ன்னு நான் பயந்ததுதான் மிச்சம்.

ரெண்டாவது, என் நண்பன் போனை வைக்கிறதுக்கு முன்னாடி சொன்னது. "பாடம் வைங்க. ஆனா அந்த வகுப்புல என் பொண்ணை உதாரணமாக்கிடாதீங்க." நியாயமான பயம். விவரமில்லாத ஒரு டீச்சர், ஜாதி அத்தியாயம் வந்ததும், 'நீ சொல்லும்மா, உங்க வீட்டுல எப்படி?'ன்னு ஒரு பொண்ணை எழுப்பினா, அதுவும் பழைய 'ஸ்காலர்ஷிப் பசங்க எந்திரிங்க' கதைதான்.

அதனால என் யோசனை இதுதான். ப்ளஸ் ஒன்ல எல்லா க்ரூப்புக்கும், சயின்ஸ் க்ரூப்பையும் சேர்த்து, வாரத்துக்கு ரெண்டு பீரியட் சமூகவியல். பொதுத்தேர்வு வேண்டாம், மார்க் வேண்டாம். மார்க் இல்லைன்னா அந்த பீரியடை கணக்கு சார் பிடுங்கிப்பார்ங்கிறது எனக்கும் தெரியும் :-) அதைத் தடுக்க வருஷத்துக்கு ஒரு ப்ராஜெக்ட் கட்டாயம். வெளியில போயி அடுத்தவனை ஆராய்ச்சி பண்ற ப்ராஜெக்ட் இல்லை. சேரியைப் போய்ப் பார்த்துட்டு வந்து பரிதாபப்பட்டு எழுதறது வேண்டவே வேண்டாம். சொந்த வீடு, சொந்தத் தெரு. யார் எத்தனை மணிக்கு எழுந்திருக்கிறாங்க, யார் கடைசியாச் சாப்பிடறாங்க, எந்தப் பாத்திரம் எங்க இருக்கு, வீட்டுக்கு வர்றவங்கள்ல யார் எதுவரைக்கும் உள்ள வரலாம். அவ்வளவுதான். யாரையும் ஜாதி கேட்க வேண்டாம். தன் வீட்டைத் தானே எழுதினாப் போதும். அதை வகுப்புல வாசிக்கிறதும் வாசிக்காததும் அந்தப் பிள்ளையோட இஷ்டம்.

'பிள்ளைங்க மனசுல வெறுப்பை விதைக்கிறதாகாதா?'ன்னு கேட்பீங்க. என் அம்மாவும் கேட்டாங்க. பொண்ணு பாட்டியை வெறுக்கலை. இன்னிக்கும் லீவுல வந்தா பாட்டி கட்டில்லதான் தூங்குறா. ஆனா பாட்டி ஒண்ணு சொன்னா, 'ஏன் பாட்டி?'ன்னு கேட்கிறா. பாட்டியும் முன்ன மாதிரி 'அது அப்படித்தான்'னு முடிச்சுடறதில்லை. சில சமயம் பதில் தேடறாங்க, சில சமயம் டிவி சத்தத்தைக் கூட்டிடறாங்க.

பொண்ணு இப்போ காலேஜ்ல படிக்கிறது பொருளாதாரம். சமூகவியல் கூட இல்லை. அதனால, இது அவளுக்குச் சோறு போடுமான்னு சகலைக்கு நான் கடைசி வரைக்கும் நிரூபிக்க முடியாது. ஐஏஎஸ் பரீட்சைக்கு நிறையப் பேர் சமூகவியலை விருப்பப் பாடமா எடுக்கிறாங்கன்னு சொல்லிச் சமாளிக்கலாம். போன பொங்கலுக்குப் பார்த்தப்போ அப்படிச் சமாளிக்கலை. "சோறு கிடைக்குமான்னு தெரியலை சகலை. ஆனா நம்ம வீட்டுல யார் எந்தத் தட்டுல, எத்தனை மணிக்கு சோறு சாப்பிடறாங்கன்னு தெரியவந்துச்சு"ன்னேன். அவர் என்னை ஒரு மாதிரியாப் பார்த்துட்டு, பேச்சை கிரிக்கெட்டுக்குத் திருப்பிட்டார்.

உங்க வீட்டு பால்கனியையும் ஒரு எட்டுப் பார்த்துட்டு வந்து எழுதுங்க மக்களே.

பி.கு: அந்தத் தம்ளர் கதை இன்னும் முடியலை. அந்த அக்கா அதைச் சில நாள் சமையலறையில வைக்கிறாங்க, சில நாள் பால்கனியில. அம்மா பார்த்துட்டு ஒண்ணும் சொல்றதில்லை. போன வாரம் அவங்களுக்கு டீ போட்டது அம்மாதான். எந்தத் தம்ளர்ல ஊத்தினாங்கன்னு பொண்ணு போன்ல கேட்டா. நான் பார்க்கலைன்னு சொன்னேன். "இன்னும் நீ பார்க்க ஆரம்பிக்கலையாப்பா?"ன்னா.